வேர்வை காயும் வரை

ஜூன் 28, சனி

வளைகுடா நாட்டு மனாமாவுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் டைரியைப் பிரிக்க நேரம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம் இது. வேலையை விட்டும் இது விடவில்லை.

இந்த ஊரில் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. மொட்டைமாடித் தொட்டி நாள் முழுக்க வெயிலில் கொதிக்கிறது. குளிக்க வேண்டுமென்றால் ஹீட்டரை அணைத்துவைத்து, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவர் இதைச் சொன்னபோது என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் பாலவேசம். இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். இந்த வருடம் லீவு கிடைக்காததால், மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்த கையோடு விசிட் விசாவில் நான் வந்துவிட்டேன். விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சட்டைப் பொத்தான்கள் வயிற்றை இழுத்துப் பிடிக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தன.

நேற்றுதான் விஷயத்தைக் கக்கினார். ஆகஸ்ட் நடுவில் கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை. போன தடவையே டாக்டர் எச்சரித்து அனுப்பினாராம். எடை பத்துக் கிலோவாவது குறைய வேண்டும், ரத்த அழுத்தமும் இறங்க வேண்டும். இல்லையென்றால் கிரேனில் ஏற விட மாட்டார்கள். கிரேனில் ஏறாதவருக்கு அங்கே வேறு வேலையும் கிடையாது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இப்ப என்னளா செய்ய?" என்று என்னைக் கேட்டார், நான்தான் கம்பெனி முதலாளி என்பதுபோல.

"நான் எதுக்கு இருக்கேன்? உங்க எடைய எறக்கிக் காட்டுதேன் பாருங்க."

ஜூன் 30, திங்கள்

இன்று ஆரம்பித்துவிட்டோம். டியூட்டி முடிந்து அவர் வந்ததும் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். வெயில் இறங்கியிருந்தாலும் இட்லிக்கொப்பரையைத் திறந்த மாதிரி காற்று முகத்தில் அடித்தது. வேக நடை, பிறகு மெதுவோட்டம், பிறகு தோப்புக்கரணம். தோப்புக்கரணம் என்றதும் சுற்றுமுற்றும் பார்த்தார். "பிள்ளையார் இங்க இல்லளா," என்றார். "எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது," என்றேன்.

ஓடி முடித்தவுடன் பாட்டிலுக்குக் கை நீட்டினார். பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஓடிக் களைத்த உடம்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் நெஞ்சில் சளி கட்டும், மூச்சுப் பிடிக்கும். கோவில்பட்டியில் நான் ஹாக்கி ஆடிய நாளில் எங்கள் கோச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். வேர்வை காய்ந்த பிறகுதான் விழுங்கலாம். சித்திரை வெயிலில் ஆடுவோம். கரிசல்காட்டுக் காற்று ஒன்று அடித்தால் போதும், முதுகு மொரமொரவென்று உப்புப் பூத்துவிடும். எங்களில் ஒருத்திக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அவர் சமர்த்தாகக் கொப்பளித்துத் துப்பினார். இங்கே வேர்வை காயச் சற்று நேரமாகிறது.

ஜூலை 3

எதிர்வீட்டு ஜொகரா அக்கா பழக்கமாகிவிட்டார். கடையநல்லூர்க்காரர். இந்த ஊரில் குடித்தனம் நடத்தி மகனுக்கே கல்யாணம் முடித்துவிட்டார். கோல்ட் ஸ்டோரில், அதாவது நம் ஊர் மளிகைக்கடைதான், கருவேப்பிலை எந்தக் கிழமை வரும் என்பது வரை அவருக்கு அத்துப்படி. பூங்காவில் நாங்கள் அடிக்கும் கூத்தை ஜன்னலில் பார்த்தாராம். "மச்சான இந்தப் பாடு படுத்துறியே," என்று சிரித்தார்.

சோற்றைப் பாதியாக்கினேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மூன்றையும் நிறுத்தினேன். அழுத்தக்காரருக்கு உப்பு ஆகாது. இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட்டு எழுந்தார்.

ஜூலை 7

மூன்று கிலோ போச்சு! மருந்துக் கடையில் எடை மெஷின் மேல் நின்றுகொண்டு இவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. ஒரு வாரத்தில் மூன்று கிலோ எந்தப் பயிற்சியாளரும் குறைத்திருக்க மாட்டார்.

ஜூலை 8

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது அவருக்கு. கல்லாட்டம் இறுகிவிட்டது. நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டேன். பழகாத உடம்பு, முதலில் அப்படித்தான் முரண்டும்.

ஜூலை 12, சனி

லீவு நாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்தேன். தலை பாரமாக இருக்கிறது, கண் எரிகிறது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரேன் கேபினில் உட்கார்ந்தே கிடப்பதால் உடம்பில் ஏறிய சூடு, வேறொன்றுமில்லை. உச்சியிலும் கால் கட்டைவிரலிலும் எண்ணெய் வைத்து ஊறவிட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இந்த மனிதரோடு சேர்ந்தாற்போல் ஒரு மாதம் இருந்தது, மகள் பிறந்தபோதுதான். ஊரில் இவர் குரல் போனில் மட்டும் வரும். இப்போது முதுகைத் தேய்த்துக்கொண்டே பேசுகிறேன். சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

"கேபின்ல தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க எதுக்கு? குடிச்சா எறங்கணும். எறங்கி ஏறுததுக்குள்ள கீழ நிக்கவன் வாயில வந்தபடி ஏசுவான். கிரேன்காரன் எவனும் குடிக்க மாட்டான்."

அப்படியும் ஒரு தொழில். சாயங்காலம் ஓட்டம் உண்டு. எண்ணெய் தேய்த்த நாளில் வெயிலில் போகக் கூடாதே என்று இருட்டத் தொடங்கியதும்தான் இறங்கினோம்.

ஜூலை 15

ஜொகரா அக்கா இன்று பூங்காவுக்கே வந்துவிட்டார். இவர் பெஞ்சில் உட்கார்ந்து, வேர்வை காய்வதற்காகக் காத்திருந்தார். பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும். அக்கா கையில் மோர் பாட்டில்.

"குடிங்க மச்சான்."

இவர் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் காயட்டும்க்கா," என்றேன்.

"என்னம்மா காயட்டும்? நம்ம ஊரு வெயிலு வேற, இந்த ஊரு வெயிலு வேற. இங்க காத்துலயே தண்ணி நிக்குது. இவரு விடிய விடிய உக்காந்திருந்தாலும் ஒரு சொட்டுக் காயாது."

"அதுக்குத்தான் வீட்டுக்குப் போயி ஏசி போட்டுருவோம்."

அக்கா மோரைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். முகம் சுண்டிப்போச்சு. நல்ல மனுஷிதான். ஆனால் ஓடுவதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? வாழ்நாளில் ஒரு மைதானத்தையாவது சுற்றியிருப்பாரா? வீட்டுக்கு வந்து, ஏசி போட்டு, காய்ந்த பிறகு அந்த மோரை நானே இவருக்கு ஊற்றிக்கொடுத்தேன். அரை டம்ளர் குடித்துவிட்டுக் குமட்டுகிறது என்று வைத்துவிட்டார். பாருங்கள், உடம்புக்கே வேண்டாமாம்.

ஜூலை 19, சனி

எடை நின்றுவிட்டது. இந்த வாரம் கால் கிலோகூட இறங்கவில்லை. ஆறு கிலோவோடு முரண்டு பிடிக்கிறது. இன்னும் நான்கு மிச்சம், நாளோ ஓடுகிறது.

இவர் பயந்து போயிருக்கிறார். வாய் திறந்து சொல்லவில்லை. கிரேனிலிருந்து கடல் எப்படித் தெரியும் என்று இன்று எனக்கு வெகுநேரம் சொன்னார். விடியும்போது தண்ணீர் எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்குமாம். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுளா," என்றார். இந்த மனிதரை ஊரில் ஒரு கடைவாசலில் வாட்ச்மேனாக உட்காரவைக்கவா?

குஸ்திக்காரர்கள் போட்டிக்கு முன் கனத்த உடை போட்டு ஓடி எடையை இறக்குவார்கள். என் பெட்டியில் மழைக்கோட்டு இருந்தது. மழையே இல்லாத ஊருக்கு ஏன் கொண்டுவந்தாய் என்று வந்த அன்று சிரித்தாரே, அதைத்தான் இன்று மாட்டிவிட்டேன். ஜிப்பை இழுத்தபோது தலையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டி நின்றார். மகளை எல்.கே.ஜி.க்குக் கிளப்பியது ஞாபகம் வந்தது.

ஜூலை 21

ஒன்றரைக் கிலோ! மழைக்கோட்டுக்குக் கும்பிடு.

ஜூலை 23

உடம்பெல்லாம் வலி என்கிறார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நீர்க்கடுப்பு வேறு. பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது என்று கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் கூச்சம்! சூடுதான். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன்.

ஜொகரா அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. உடனே ஒரு பாட்டம் ஆரம்பித்துவிடுவார்.

ஜூலை 24

இன்று ஒரு வார்த்தை எரிந்து விழுந்தார். கல்யாணமாகி முதல் தடவை. செருப்பு எங்கே என்று கேட்டார். காலில்தான் இருக்கிறது என்றேன். அதற்குத்தான் அந்தக் கத்தல். பிறகு காலைப் பார்த்தார், சிரிக்கவும் இல்லை. வெயில் எல்லாரையும் ஒரு மாதிரி ஆக்கிவிடுகிறது. வேண்டுமானால் இன்று விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவரே மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். கேட்டேன் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

ஜூலை 26, சனி

இன்று ஓர் அதிசயம். ஓட்டம் முடிந்து மழைக்கோட்டைக் கழற்றினால் உள்ளே வேர்வையே இல்லை! பனியன் காய்ந்து கிடக்கிறது, தோல் அடுப்புக்கல் மாதிரி சுடுகிறது. ஒருவழியாக இந்த ஊர் வெயிலுக்கு உடம்பு பழகிவிட்டது. நல்ல ஆட்டக்காரர்களுக்கு அப்படித்தான் வரும். "இனிமே நீங்க மழக்கோட்டு இல்லாமலே ஓடலாம்," என்றேன்.

தண்ணீரை உடனே கொடுத்தேன். காய்ந்துதான் இருந்ததே. பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "லெட்சுமி, பஸ் போயிட்டா?" என்றார். லெட்சுமி அவருடைய அக்கா, எட்டயபுரத்தில் இருக்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வரும் வழியில் எங்கள் கட்டடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது உள்ளே படுத்திருக்கிறார். சாப்பாடு வேண்டாமாம். தூங்கினால் சரியாகிவிடும். குறட்டை வழக்கம்போல இல்லை, ஏதோ கொப்பளிக்கிற மாதிரி கேட்கிறது. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

ஜூலை 29

ஆஸ்பத்திரி. ஐசியு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு உள்ளே போனபோது இவருக்கு வலிப்பு. நான் அலறியதில் ஜொகரா அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஓடிவந்தார்கள். அக்காதான் ஹீட்டரில் ஆறிக் கிடந்த தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து இவர்மேல் ஊற்றினார். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

காய்ச்சல் இறங்கிவிட்டது. இதயம் பரவாயில்லை. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள்.

டாக்டர் வர்கீஸ் மலையாளி, தமிழ் பேசுகிறார். "ஓடும்போதும் ஓடிக் கழிஞ்சும் இவர் தண்ணி எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டார்.

"நல்லாக் குடிப்பாரு. நிறைய," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. தண்ணீர் தர மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. காயட்டும் என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல.

ஜூலை 31

டாக்டர் இன்றும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். அவருக்குக் குழப்பம். அவ்வளவு தண்ணீர் குடித்த ஆளுக்கு ரத்தம் இப்படி வறண்டிருக்காதாம். ஒருவேளை சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்ததோ என்று ஸ்கேன், ஏதேதோ பரிசோதனை. பழைய நோய் என்றால் மீள்வது கஷ்டம், வெயிலால் வந்தது என்றால் தேறிவர வாய்ப்பு இருக்கிறது, அதைப் பொறுத்துத்தான் அடுத்த வைத்தியம் என்றார். பழைய நோய் என்று எழுதிவிட்டால் இனி உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் இவரைக் கிரேனில் ஏற்ற மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும்.

ஜொகரா அக்கா சோறு கொண்டுவந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். என் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், பொய்யை என்னவோ செய்தி சொல்கிற மாதிரி. அக்கா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிறகு ஒரு கவளத்தை உருட்டி என் கையில் வைத்து, "தின்னு. தின்னுட்டு டாக்டர்ட்ட போ," என்றார் மெதுவாக.

தின்றேன். போகவில்லை.

ஆகஸ்ட் 2

இவர் கண்ணைத் திறந்துவிட்டார். என்னைக் கோமதி என்று சரியாகக் கூப்பிட்டார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன்.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கிரேனில் வேறு ஆள் ஏறிவிட்டாராம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4

நேற்றுப் பூராவும் யோசித்து முடிவெடுத்தேன். நான்தான் இவரைத் தண்ணீர் குடிக்க விடவில்லை, காயட்டும் காயட்டும் என்று சொல்லி இந்தக் காயாத ஊரில் இவரை வறட்டி எடுத்தது நான்தான் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவது. வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். காலையில் வார்டுக்குள் போனபோது டாக்டர் ஏற்கெனவே இவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது அவருக்கு. "ஆளு எல்லாம் சொல்லிட்டார் சேச்சி. நீங்க தண்ணி கொடுக்கும், இவர் குடிக்காம செடியில கொட்டிக் களையும். சீக்கிரம் எடை குறையணும்னு. உங்களுக்கே தெரியாம! நீங்க நினைச்சது இவர் குடிச்சார்னு, இல்லே? இப்போ கணக்கு சரியாகுது. இது வெயில்தான், பழைய நோயில்லே."

இவரைப் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆம்பளைங்க இப்படித்தான், பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டாங்க," என்றார் டாக்டர். நர்ஸும் சிரித்தாள்.

மனசுக்குள் அடுக்கிவைத்த வார்த்தை அத்தனையும் தொண்டைவரை வந்தது. தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"டாக்டர் நீ சொன்னத என்கிட்ட சொன்னாரு. உன்னப் பொய்க்காரி ஆக்கச் சொல்லுதியா? ஒருத்தன் உன்னக் கொற சொல்லி நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்ளா." அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

ஆகஸ்ட் 6

சிறுநீரகம் இன்னும் அசையவில்லை. நாளை மறுபடியும் மெஷின். இன்னும் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம், அதற்குள் எழுந்துகொண்டால் உண்டு, இல்லையென்றால் ஆயுசுக்கும் மெஷின்தான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் அது நுரையீரலில் தேங்கிவிடுமாம். அதனால் அளவாகத்தான் கொடுக்க வேண்டும். காலையில் கொஞ்சம், மாத்திரையோடு கொஞ்சம், அவ்வளவுதான். இவர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள் என்று பொறுப்பை என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். இதை இவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

சாயங்காலம் விழித்தார். முகமும் காலும் ஊதியிருக்கின்றன. உதடு மட்டும் வெடித்துக் கிடக்கிறது.

"கொஞ்சம் தண்ணி தாளா."

இன்றைய அளவு முடிந்துவிட்டது. "இப்ப வேண்டாம்ங்க," என்றேன்.

சரி என்று தலையாட்டினார். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். துணியைச் சப்பாமல் வாயை மூடிக்கொண்டார், சப்பலாம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக.

எனக்குப் பொறுக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன்னு கேளுங்களேன். ஒரு தடவையாவது ஏன் தர மாட்டேங்கேன்னு கேளுங்களேன்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குக் கேக்க?" என்றார் அவர். "நீ வேண்டாம்னா அது எனக்கு நல்லதுக்குத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.